இலை உதிர்ந்த முதுமலையில் மான் எதைத் தின்கிறது?

கேட்டவர் கோவைக்காரர். மார்ச் மாதம் மகளைக் கூட்டிக்கொண்டு மசினகுடியில் 2 நாள் தங்கியிருக்கிறார். தெப்பக்காடு தாண்டியதும் காடு முழுக்க மொட்டை மரம், கீழே வைக்கோல் நிறத்தில் புல், சாலையோரம் தீ பரவாமலிருக்கச் செதுக்கிய வெறும் தரை. ஏழாவது படிக்கும் மகள் கேட்டாளாம்: “புத்தகத்துல புல்லை மான் தின்னும், மானைப் புலி தின்னும்னு போட்டிருக்கு. இங்க பச்சைப் புல்லே இல்லையே, அப்ப மான் எப்படி உயிரோட இருக்கு?” இவர் தன் பங்குக்கு இரண்டு சேர்த்திருக்கிறார். புலி இல்லாமல் போனால் மான்கள் பெருகிக் காட்டையே தின்று தீர்த்துவிடும் என்கிறார்களே, உண்மையா? இதற்கு அமெரிக்க ஓநாய்களைப் பற்றிய ஒரு வீடியோவையும் குறிப்பிட்டிருக்கிறார். அப்புறம், விடுதியின் பின்பக்க வேலியோரம் ஒரே இடத்தில் குவிந்து கிடந்த வெளிர்நிறக் கொட்டைகளைப் படம் எடுத்துப் போட்டு, இது அணில் சேர்த்து வைத்ததா என்றும் கேட்கிறார்.

மூன்றாகத் தெரிந்தாலும் முதல் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: இந்தக் காட்டில் மானின் எண்ணிக்கையைப் பிடித்து வைத்திருப்பது தீனியா, புலியா? பதில் சொல்லும் முன் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். தாவரவியல் படித்துவிட்டு முதுமலை, சீகூர்ப் பக்கம் 20 ஆண்டுகளுக்கு மேல் மரம் எண்ணுவதும் சாணம் எண்ணுவதுமாகக் காலம் தள்ளியவன். முதல் வருடம் வெள்ளாட்டுப் புழுக்கையை மான் கணக்கில் எழுதி ஒரு மாத வேலையைக் கெடுத்தவனும் நானே. கூட வந்த இருளர் பெரியவர் ஒருவர் அதை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். புலிக்குப் பின்னால் அலைந்தவன் அல்ல நான். அதைப் பற்றி எழுதுவது படித்தறிந்தது. சொல்வதெல்லாம் இலையுதிர் காட்டுக்கு மட்டும். மேலே ஊட்டி, கொடைக்கானல் பக்கத்துச் சோலையும் புல்வெளியும் வரையாடும் வேறு கதை.

முதலில் உங்கள் மகள் பார்த்த காடு. மார்ச்சில் அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி காய்ந்து கிடப்பதில்லை. முதுமலையில் மழை மேற்கிலிருந்து கிழக்கே போகப்போகக் குறையும். கூடலூரை ஒட்டிய பக்கம் பெய்வதில் பாதிகூட மோயாறு பள்ளத்தாக்குப் பக்கம் பெய்யாது. மேற்கே ஈரமான இலையுதிர் காடு, நடுவில் தேக்கும் வெக்காலியும் மருதும் நிற்கும் வறண்ட காடு, கிழக்கே முள்காடு. இதற்குள்ளேயே சில இடங்கள் கோடையிலும் பச்சையாக இருக்கும். ஓடைக்கரையில் நீர்மருதும் நாவலும் புங்கமும் இலையோடு நிற்கும். இரண்டு மேட்டுக்கு நடுவே தண்ணீர் தேங்கும் தாழ்வான புல்வெளிகள் உண்டு. அங்கே அதை ‘வயல்’ என்பார்கள், நெல் எதுவும் கிடையாது. கார்ச் சாலையிலிருந்து இவை பெரும்பாலும் கண்ணில் படாது. யானையும் காட்டெருமையும் மாசி, பங்குனியில் அங்கேதான் கூடும்.

ஆனால் மான் எல்லாம் ஆற்றங்கரையிலேயே குடியிருக்க முடியாது. இங்கே வயிற்றைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். ஐப்பசி வரை புல் இளசாக இருக்கும். அப்போது புள்ளிமான், காட்டெருமை, யானை எல்லாமே அதைத்தான் மேயும். முற்றிக் காய்ந்த பிறகு அதில் புரதம் இறங்கிவிடும், நார் ஏறிவிடும். வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது. பெரிய உடம்புக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி. 600 கிலோவுக்கு மேல் இருக்கும் காட்டெருமை மட்டமான தீனியை நிறையத் தின்று, நிதானமாக அசைபோட்டு, அதிலேயே காலத்தை ஓட்டிவிடும். கூடவே மூங்கில் தழை. 20 கிலோ கேளையாடு என்னும் குரைக்கும் மானுக்கும், 3, 4 கிலோகூடத் தாண்டாத சருகுமானுக்கும் அது முடியாது. சின்ன வயிறு, வேகமாக எரியும் உடம்பு. கொஞ்சமாக, ஆனால் சத்தாகத் தின்ன வேண்டும். அதனால் அவை தளிர், பூ, பழம் என்று பொறுக்கித் தின்னும். புள்ளிமானும் கடமானும் இரண்டுக்கும் நடுவில். மழைக்காலத்தில் ஒரு வழக்கம், கோடையில் இன்னொன்று.

சரி, மொட்டைக் காட்டில் தளிரும் பூவும் ஏது? மேலே பாருங்கள். இலை இல்லாத அதே மாசி, பங்குனியில்தான் முள்ளிலவம் சிவக்கச் சிவக்கப் பூக்கிறது, புரசு பூக்கிறது. இலவம்பூ சதைப்பற்றானது, உள்ளங்கை அளவு இருக்கும், கீழே விழும்போது ‘தொப்’ என்று சத்தமே கேட்கும். அந்தச் சத்தத்துக்கு மான் தலையைத் திருப்புவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பூ உதிரும் மரத்தடியில் காலையில் போனால் பூ ஒன்றுகூட மிச்சமிருக்காது, குளம்புத் தடம்தான் இருக்கும். மார்கழி தொடங்கி நெல்லிக்காய், அடுத்து தான்றிக்காய், சித்திரை வாக்கில் குமிழம்பழம், முள்காட்டில் இலந்தை என்று ஒன்று மாற்றி ஒன்று விழுந்துகொண்டே இருக்கும். அதோடு மந்தியின் தயவும் உண்டு. மந்தி பாதி கடிக்கும், பாதி கீழே போடும். கிளையையே ஒடித்துப் போட்டுவிட்டு அடுத்த மரத்துக்குத் தாவிவிடும். 30 அடி உயரத்துத் தளிரை மான் எட்டுவது இந்த வழியில்தான். மந்தி ஊதாரி என்று நாம் நினைக்கலாம், மானுக்கு அது பந்தி பரிமாறும் ஆள். புலி வந்தால் மேலிருந்து முதலில் கத்துவதும் அதுதான். ஆக, மகளின் கேள்விக்கு நேர்ப் பதில்: கோடையில் மான் பெரும்பாலும் விழுந்ததைத் தின்று பிழைக்கிறது.

யானை வேறு மாதிரி. நன்கு வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு 150 கிலோ அளவுக்குத் தீனி வேண்டும். கோடையில் அது புல்லைக் குறைத்துக்கொண்டு மரத்துக்குத் திரும்பும். தேக்கு, சடச்சி போன்ற மரங்களின் பட்டையைத் தந்தத்தால் நெம்பி, தும்பிக்கையால் பிடித்து ஒரே இழுப்பில் ஆளுயரத்துக்கு உரித்துவிடும். முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தார் 1988 முதல் 50 ஹெக்டேர் நிலத்தை அளந்து வைத்து, 1 செ.மீ. தடிமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு தண்டுக்கும் எண் போட்டு, ஆண்டுதோறும் எது செத்தது எது பிழைத்தது என்று பார்த்து வருகிறார்கள். முதல் சில ஆண்டுகளிலேயே தெளிவாகத் தெரிந்த ஒன்று, வலம்புரிச் செடி மளமளவென்று குறைந்தது. காரணம் யானை. அதன் நார்ப்பட்டை யானைக்கு அவ்வளவு பிடிக்கும். ஒரு வகைத் தாவரத்தின் எண்ணிக்கையையே ஒரு விலங்கு தின்று இறக்கியதற்கு நம் ஊரில் எண்ணிப் பார்த்த சாட்சி இது. ஆனால் யானை தின்றதில் பாதிக்கு மேல் செரிக்காமலே வெளியே வந்துவிடும். லத்தி ஒன்றைக் குச்சியால் பிரித்தால் புளியங்கொட்டை முழுசாக இருக்கும், நார் நாராகப் பட்டை இருக்கும், அடியில் சாணவண்டு உருட்டிக்கொண்டிருக்கும். புலி தொடாத இந்த மிருகம் உணவு வலையின் ஓரத்தில் நிற்கவில்லை. அது தின்றது வண்டுக்கும் கறையானுக்கும் மண்ணுக்கும் போய்க்கொண்டே இருக்கிறது.

இதுவரை சொன்னவை எல்லாம் கண்ணில் படும் தீனிக்காரர்கள். பச்சை இலையைத் தின்பதில் இவர்களோடு போட்டி போடும் கூட்டம் விரல் நீளம்கூட இருக்காது: புழுவும் வண்டும் வெட்டுக்கிளியும். கோடைமழை இறங்கிய சில வாரத்தில் தேக்கங்காட்டுக்குள் நின்றால் மேலிருந்து பொடி உதிரும், மழைத் தூறல் மாதிரி சத்தம் கேட்கும். அது புழுவின் எச்சம். ஒரு வகை அந்துப்பூச்சியின் புழு இளம் தேக்கிலையை நரம்பு மட்டும் விட்டு மொட்டையடிக்கும். இன்னொரு வகை பின்னால் வந்து முற்றிய இலையை வலை மாதிரி ஆக்கிவிடும். அந்த இலையை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் கொசுவலை போலவே இருக்கும். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஆய்வு. முரளி, சுகுமார் என்ற இருவர் 1988 முதல் 1990 வரை முதுமலையில் மரங்கள் எப்போது துளிர்க்கின்றன, அந்த இலைகளில் பூச்சிக் கடி எவ்வளவு என்று பார்த்தார்கள். 1993இல் முடிவு வெளிவந்தது. பெரும்பாலான மரங்கள் மழைக்கு முன்பே, வறட்சியிலேயே துளிர்த்துவிடுகின்றன. பூச்சிகள் மழையோடுதான் கிளம்புகின்றன. முந்திக்கொண்ட மரங்களுக்குச் சேதம் குறைவு, தாமதமாகத் துளிர்த்தவற்றுக்கு அதிகம். மழைக்காலம் தொடங்காத சித்திரையில் காடு ஏன் தளிர்க்கிறது என்று நெடுநாள் யோசித்த எனக்கு, இதைப் படித்த பிறகு அந்தத் தளிர் வேறு மாதிரிதான் தெரிகிறது. பூச்சி முழித்துக்கொள்ளும் முன் இலையை முற்றவைத்துவிடப் பார்க்கிறது மரம். பூச்சிதான் இதற்கு ஒரே காரணமா என்றால் அப்படிச் சொல்ல முடியாது; வேர் எட்டும் ஆழத்துத் தண்ணீரும் பகல் நீள்வதும் இதில் சேரும். ஆனால் முந்தியவை தப்பின என்பது எண்ணிப் பார்த்த உண்மை.

இவ்வளவு பேர் தின்ற பிறகும், காடு உண்டாக்கும் இலையில் பெரும்பகுதி பச்சையாக இருக்கும்போது யார் வாயிலும் படுவதில்லை. இதைப் பள்ளிப் புத்தகம் ஒரு வரியில் தாண்டிவிடுகிறது. தை மாதத்தில் காலடியில் முறுமுறுவென்று நொறுங்கும் அந்தச் சருகுதான் காட்டின் பெரிய பந்தி. அதற்கு உரியவர்கள் கறையானும் பூஞ்சையும். நம் காட்டில் புற்று கட்டும் கறையான்கள் பலவும் சருகையும் மரத்தூளையும் மென்று உள்ளே தோட்டம் போட்டுப் பூஞ்சை வளர்த்து அதைத் தின்கின்றன. முதல் மழைக்குப் புற்றிலிருந்து வெள்ளையாக நிமிரும் காளான் அந்தத் தோட்டத்தின் பூதான். கூடையோடு போகிறவர்கள் அதைத் தேடித்தான் போகிறார்கள். புற்றைக் கரடி தோண்டும், அழுங்கு தோண்டும். ஈசல் கிளம்பினால் கொண்டைக்குருவி முதல் ஓணான் வரை எல்லோருக்கும் விருந்து. புல்–மான்–புலி என்ற கயிறு நிஜம்தான், ஆனால் இந்த வலையில் அது ஒரு மெல்லிய இழை.

இனி புலிக்கு வருகிறேன். முதுமலையிலிருந்து அதிக தூரமில்லாத, கர்நாடகத்து நாகரஹொளெயில் காரந்த், சன்குவிஸ்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் செய்து 1995இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வேட்டைக்காரர்களும் அடிக்கும் இரைகளின் சராசரி எடை வந்தது: புலிக்குச் சுமார் 92 கிலோ, சிறுத்தைக்கு 38, செந்நாய்க்கு 43. புலி காட்டெருமை, கடமான் என்று பெரியதைத் தேடுகிறது. மற்ற இருவரும் புள்ளிமான் அளவோடு நிற்கிறார்கள். செந்நாயைப் பற்றி 1976 முதல் 1978 வரை பந்திப்பூரில் நடந்தே திரிந்து படித்தவர் நம் காட்டுயிர் ஆய்வாளர் ஜான்சிங். கூட்டமாக வேட்டையாடி, நிமிடக் கணக்கில் ஒரு மானைத் தின்று முடித்துவிடும் பிராணி என்று நமக்கு விரிவாகச் சொன்னவர் அவர். புலி ஒன்று ஆண்டுக்கு 50 பெரிய இரைகள் போல அடிக்கும், அதற்கு 500 இரைகள் உள்ள காடு வேண்டும் என்பது புலி ஆய்வாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அதாவது பத்தில் ஒன்று. முதலைத் தொடாமல் வட்டியில் வாழ்கிற மாதிரி. இரை எவ்வளவோ அவ்வளவுதான் புலி என்பதும் இந்தியக் காடுகள் பலவற்றில் எண்ணிப் பார்த்துவிட்ட விஷயம். இது உறுதி.

திருப்பிக் கேட்டால்தான் சிக்கல்: புலி எவ்வளவோ அவ்வளவுதான் மானா? நீங்கள் குறிப்பிட்ட வீடியோ, 1995இல் அமெரிக்காவின் எல்லோஸ்டோனில் ஓநாய்களை விட்டதும் மான் குறைந்து, மரம் வளர்ந்து, ஆறே திருந்தியது என்கிறது. அங்கேயே ஆய்வாளர்கள் இதில் ஒத்துப்போகவில்லை; கதை அழகாக இருப்பதால் வேகமாகப் பரவிவிட்டது. நம் பக்கத்துச் சாட்சி என்றால் அந்தமான். வெள்ளைக்காரர் காலத்தில் அங்கே கொண்டுபோய் விட்ட புள்ளிமான்களுக்குப் புலியும் கிடையாது, சிறுத்தையும் கிடையாது. பெரும்பாலான தீவுகளுக்குப் பரவிவிட்டன, இளம் மரக்கன்றுகளை மேய்ந்து காட்டின் கீழ்த்தளத்தை வெறுமையாக்குகின்றன. அப்படியானால் முதுமலையிலும் அதே நடக்குமா? நான் அவ்வளவு சுலபமாகச் சொல்லமாட்டேன். அந்தமானில் ஆண்டு முழுக்க ஈரம். இங்கே தை முதல் வைகாசி வரை ஒவ்வோர் ஆண்டும் ஒரு பஞ்சம் வருகிறது. மழை பொய்த்த வருடத்தில் வைகாசியில் விலா எலும்பு எண்ணலாம் போலிருக்கும் மான்களைப் பார்த்திருக்கிறேன். புலி ஒருபோதும் பிடித்து வைக்காத யானையின் எண்ணிக்கையையும் தீனியும் தண்ணீரும்தான் பிடித்து வைக்கின்றன. என் கணிப்பு, இதைக் கணிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள்: காட்டெருமை, யானை விஷயத்தில் கோடைதான் முதல் கை. புள்ளிமான் விஷயத்தில் புலி, சிறுத்தை, செந்நாய் மூன்றும் சேர்ந்த கைக்குக் கனம் உண்டு. அதோடு பயம் என்று ஒன்று இருக்கிறது. அடர்ந்த புதருக்குள் மான் நிம்மதியாக மேயாது. தலை நிமிர்த்தி நிமிர்த்திப் பார்க்கும், சீக்கிரம் வெளியே வந்துவிடும். எண்ணிக்கை குறையாமலேயே, எந்த இடத்துச் செடி பிழைக்கும் என்பதை அந்தப் பயம் மாற்றலாம். இங்கே ‘லாம்’ என்றுதான் என்னால் எழுத முடியும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் புலி–மான் பேச்சில் இது மறைந்துபோகிறது. மானின் தட்டில் இன்று கை வைப்பது உண்ணிச்செடி. சாலையின் இரு பக்கமும் ஆரஞ்சும் ரோஸுமாகப் பூத்து நின்றதே, அதுதான். தென்னமெரிக்கா பக்கத்துச் செடி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகக் கொண்டுவந்தது. இலை விஷம்; தின்னும் மாட்டின் ஈரலைக் கெடுக்கும். பழத்தைக் குருவிகள் தின்று விதையைப் போகுமிடமெல்லாம் போட்டுவிடும். அது மூடிய இடத்தில் புல்லுக்கு வெயில் இல்லை. கூடலூர்ப் பக்கம் குறும்பரும் பணியரும் அந்தக் குச்சியை வெட்டி ஆள் உயர யானைகளும் நாற்காலிகளும் செய்கிறார்கள்; நல்ல வேலை, ஆனால் காட்டில் உள்ளதோ மலையளவு. அடுத்தது தீ. எரிந்த தரையில் இரண்டு மழை விழுந்தால் பச்சைப் புல் முளைக்கும், மான் கூடும், பார்ப்பவர் தீ நல்லது என்பார். கறையானுக்கும் காளானுக்கும் போக வேண்டிய சருகும், 3 வயது மரக்கன்றுகளும் அந்தத் தீயில் போனது அவர் கண்ணில் படாது. அப்புறம் மாடு. நான் அலைந்த காலத்தில் சீகூர்ப் பக்கம் பட்டி மாடுகளைப் பாலை விடச் சாணத்துக்காகவே நிறையப் பேர் வைத்திருந்தார்கள். பகலெல்லாம் காட்டில் மேயும், இரவு பட்டியில் போடும், சாணம் லாரியேறித் தோட்டங்களுக்குப் போய்விடும். காட்டுப் புல் இப்படி மலை தாண்டி ஏதோ ஒரு காப்பிச் செடிக்கு உரமாகிவிடுகிறது. உணவு வலைப் படத்தில் இந்த லாரியை யாரும் வரைவதில்லை.

அந்த மாடு செத்தால் வருவது பாறு, அதாவது பிணந்தின்னிக் கழுகு. மோயாறு பள்ளத்தாக்கின் உயர்ந்த நீர்மருது மரங்களில் இன்னும் கூடு கட்டுகிறது. மாட்டுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி, அந்தப் பிணத்தைத் தின்ற பாறின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது என்று கண்டுபிடித்து, 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். புலி தின்று மிச்சம் வைத்ததைத் துடைத்து எடுப்பதும் இந்தப் பாறுதான். மகள் வரையும் படத்தில் புலிக்கு மேலே ஓர் அம்புக்குறி போட்டுப் பாறுக் கழுகையும், எல்லாவற்றிலிருந்தும் கீழே ஓர் அம்புக்குறி போட்டுக் கறையானையும் சேர்க்கச் சொல்லுங்கள். மதிப்பெண் கூடுமா என்று தெரியாது, படம் சரியாக இருக்கும்.

கடைசியாக அந்தக் கொட்டைகள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆறு பட்டையாக, சுண்டைக்காயை விடக் கொஞ்சம் பெரிதாக, கழுவி வைத்த மாதிரி சுத்தமாக இருக்கின்றன. நெல்லிக்கொட்டை. அணில் வேலை என்றால் பல் பட்ட தடம் இருக்கும், உடைத்த ஓடு கிடக்கும்; இதில் ஒன்றுமில்லை. புள்ளிமான் நெல்லிக்காயை முழுசாக விழுங்கிவிடும். பிறகு வேலியோரம் மாதிரி பத்திரமான இடத்தில் படுத்து அசைபோடும்போது கொட்டை வாய்க்குத் திரும்பி வரும். அதை ஒவ்வொன்றாகத் துப்பிவிடும். இரவில் உங்கள் அறைக்குப் பின்னால் ஒரு மான் நிம்மதியாகப் படுத்திருந்திருக்கிறது, அவ்வளவுதான். எங்கிருந்தோ தின்ற நெல்லியை இங்கே கொண்டுவந்து போட்டதால் மரத்துக்கும் ஒரு பயணம் கிடைத்தது. மகள் 4, 5 எடுத்து வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வெயிலில் காயப் போட்டால் ஒவ்வொன்றும் ‘டப்’ என்று வெடித்து உள்ளிருந்து 6 விதை வரை தெறிக்கும். மொட்டைமாடியில் வைப்பதானால் மேலே ஒரு மெல்லிய துணியைக் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் விதையைத் தெருவில் தேட வேண்டியிருக்கும்.